பதினாறாம் லூயி

பதினாறாம் லூயி (ஆகஸ்ட் 23, 1754 – ஜனவரி 21, 1793) 1774 முதல் 1792 வரை பிரான்சின் மன்னராக இருந்தவர். பூர்பன் மரபைச் சேர்ந்த இவருடைய ஆட்சிக்காலத்திலேயே பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. அரச பதவி ஒழிக்கப்பட்ட பின் தேசிய மாமன்றத்தால் விசாரிக்கப்பட்டுக் கில்லட்டினில் தலை வெட்டப்பட்டு இறந்தார். பூட்டும் சாவியும் செய்யும் கொல்லுத் தொழிலைப் பொழுதுபோக்காகக் கற்றுக்கொண்ட மன்னராகவும் இவர் அறியப்படுகிறார். இத்தொழிலில் இவருடன் சேர்ந்து பணியாற்றிய அரண்மனைப் பூட்டுக் கொல்லர் பிரான்சுவா கமேன் என்பவரே பின்னாளில் மன்னரின் இரகசிய இரும்புப் பேழையைப் புரட்சி அரசுக்குக் காட்டிக்கொடுத்தார். அதிலிருந்த ஆவணங்கள் மன்னர் மீதான விசாரணையில் முக்கியச் சான்றுகளாயின.

பிறப்பும் இளமையும்

லூயி வெர்சாய் அரண்மனையில் பிறந்தார். இவருடைய இயற்பெயர் லூயி ஒகுஸ்த். பிறந்தபோது பெர்ரி கோமகன் என்ற பட்டம் வழங்கப்பட்டது. தந்தை லூயி பெர்டினான், மன்னர் பதினைந்தாம் லூயியின் மகனும் பட்டத்து இளவரசரும் ஆவார். தாய் சாக்சனியைச் சேர்ந்த மரியா ஜோசப்பா.

குடும்பத்தில் அனைவருடைய கவனமும் மூத்த மகனான பர்கண்டி கோமகன் மீதே இருந்தது. அச்சிறுவன் 1761இல் தன் ஒன்பதாம் வயதில் நோயுற்று இறந்தான். 1765இல் தந்தையும் 1767இல் தாயும் காலமாயினர். இவ்வாறு பதினொரு வயதில் பட்டத்து இளவரசராகிய லூயி, பன்னிரண்டு வயதில் பெற்றோர் இருவரையும் இழந்தவரானார். கூச்ச சுபாவமும் கிட்டப்பார்வையும் உடையவராக வளர்ந்தார். வரலாறு, புவியியல், கணிதம் ஆகிய பாடங்களில் ஆர்வம் காட்டினார். ஆங்கில மொழியை நன்கு வாசிக்கக் கற்றிருந்தார். நடனமும் அரசவை உரையாடலும் இவருக்கு எளிதாக வரவில்லை. வேட்டையாடுவதிலும் கைகளால் பொருட்களைச் செய்வதிலும் மகிழ்ச்சி கண்டார்.

1770 மே 16 அன்று ஆஸ்திரியப் பேரரசி மரியா தெரேசாவின் மகளான மரீ அன்டோனெட்டை மணந்தார். அப்போது மணமகனுக்குப் பதினைந்து வயதும் மணமகளுக்குப் பதினான்கு வயதும் ஆகியிருந்தன. 1774 மே 10 அன்று பதினைந்தாம் லூயி அம்மை நோயால் இறக்கவே, பத்தொன்பது வயதில் லூயி மன்னரானார். 1775 ஜூன் 11 அன்று ரெய்ம்ஸ் பேராலயத்தில் முடிசூட்டு விழா நடைபெற்றது.

அரச குடும்பமும் கைத்தொழிலும்

அரச குடும்பத்தினர் கைத்தொழில் பழகுவது அக்காலத்தில் முற்றிலும் புதிய செய்தியன்று. உருசியப் பேரரசர் முதலாம் பீட்டர் 1697இல் ஒல்லாந்து நாட்டுக்குச் சென்று கப்பல் கட்டும் தொழிலைப் பழகினார். பிரான்சின் பதின்மூன்றாம் லூயி துப்பாக்கிகளைப் பழுது பார்ப்பதிலும் பல்வேறு கைவேலைகளிலும் ஈடுபட்டவர். பாட்டனாரான பதினைந்தாம் லூயி கடைசல் எந்திரத்தில் தந்தத்தையும் மரத்தையும் கடைந்து சிறு பொருட்களைச் செய்தார்.

மெய்யியலாளர் ரூசோ 1762இல் வெளியிட்ட எமீல் என்னும் நூலில், உயர்குடிப் பிள்ளைகளும் ஒரு கைத்தொழிலைக் கற்க வேண்டும் என வலியுறுத்தினார். திதெரோ தலைமையில் வெளிவந்த பிரெஞ்சுக் கலைக்களஞ்சியம் கொல்லர், தச்சர், கண்ணாடித் தொழிலாளர் முதலியோரின் கருவிகளையும் செய்முறைகளையும் விரிவான படங்களுடன் விளக்கியது. பிரெஞ்சு அறிவியல் கழகம் வெளியிட்ட தொழில் நூல் வரிசையில், துயமெல் து மொன்சோ எழுதிய பூட்டுத் தொழில் பற்றிய நூல் 1767இல் வந்தது. அதற்கு முன்பே 1627இல் மதுரின் ஜூஸ் என்ற கொல்லர் பூட்டுத் தொழிலைப் பற்றி ஒரு நூலை வெளியிட்டிருந்தார். எனவே லூயி இளைஞராக இருந்த காலத்தில் பூட்டுத் தொழில் கற்றறிந்தோரும் கவனித்த ஒரு கலையாக விளங்கியது.

ஆயினும் கடைசல் வேலைக்கும் கொல்லு வேலைக்கும் இடையே அரசவையினர் வேறுபாடு கண்டனர். தந்தம் கடைவது நாகரிகமான பொழுதுபோக்காகக் கருதப்பட்டது. உலைக்கரியும் புகையும் சூழ, சம்மட்டி பிடித்து இரும்பு அடிப்பது மன்னருக்கு ஏற்ற செயலாகக் கருதப்படவில்லை.

பூட்டுக் கொல்லர் குழு

பிரான்சில் பூட்டுக் கொல்லர்கள் நெடுங்காலமாகத் தனித் தொழிற்குழுவாக இயங்கி வந்தனர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பாரிசு நகரத் தலைவர் எத்தியேன் புவாலோ தொகுத்த தொழில் விதிகளில் இவர்களுக்கான விதிகளும் உள்ளன. பூட்டு தன் முன்னால் இல்லாத நிலையில் அதற்குரிய சாவியை எந்தக் கொல்லரும் செய்யக் கூடாது என்பது அவற்றுள் ஒன்று. சாவியின் அச்சை மட்டும் கொண்டுவந்து மற்றொரு சாவி செய்து கேட்பவர் திருடராக இருக்கக்கூடும் என்பதே இவ்விதியின் காரணம். பூட்டுத் தொழில் கைத்திறனை மட்டுமன்றி நம்பிக்கையையும் அடிப்படையாகக் கொண்டது என்பதை இவ்விதி காட்டுகிறது.

இக்குழுவில் சேர விரும்பும் இளைஞர் முதலில் ஒரு தலைமைக் கொல்லரிடம் பல ஆண்டுகள் தொழில் பழக வேண்டும். பின்னர்க் கூலித் தொழிலாளராகப் பணிபுரிய வேண்டும். இறுதியில் தன் திறமையை மெய்ப்பிக்கும் ஒரு படைப்பைச் செய்து காட்டினால்தான் தலைமைக் கொல்லராக ஏற்றுக்கொள்ளப்படுவார். மன்னர் இப்படிகளில் எதையும் கடக்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் வேலையின் நுட்பங்களை அவரும் ஒரு தொழில்வல்லாரிடமிருந்தே கற்க வேண்டியிருந்தது.

அக்காலப் பூட்டு உருவாகும் முறை கடினமானது. இரும்புப் பட்டையை உலையிலிட்டுத் துருத்தியால் ஊதிப் பழுக்கக் காய்ச்சி, குறட்டால் பிடித்துப் பட்டடையில் வைத்து அடித்து உருவாக்குவர். இரும்பின் நிறத்தைக் கொண்டே அதன் பதத்தை அறிய வேண்டும். சூடு குறைந்தால் இரும்பு வளையாது. சூடு மிகுந்தால் எரிந்து பொரிந்துவிடும். உருவான பகுதிகளை அரத்தால் தேய்த்துத் துல்லியமாகப் பொருத்துவர். பூட்டின் உட்புறத்தில் தடுப்புத் தகடுகள் அமைக்கப்படும். அத்தகடுகளுக்கு ஏற்பச் சாவியின் பல்லில் காடிகள் வெட்டப்படும். காடிகள் தகடுகளுடன் பொருந்தினால் மட்டுமே சாவி சுழன்று தாழை நகர்த்தும். மயிரிழை அளவு பிழை நேர்ந்தாலும் பூட்டு திறக்காது.

பதினாறாம் லூயியின் காலத்தில் இத்துறை வேகமாக வளர்ச்சியடைந்து வந்தது. இங்கிலாந்தில் ராபர்ட் பாரன் 1778இலும் ஜோசப் பிராமா 1784இலும் புதிய வகைப் பூட்டுகளுக்குக் காப்புரிமை பெற்றனர்.

வெர்சாய் பட்டறை

வெர்சாய் அரண்மனையில் மன்னரின் தனி அறைகளுக்கு மேலே இருந்த தளங்களில் நூலகம், புவியியல் அறை, இயற்பியல் மற்றும் வேதியியல் கருவிகளுக்கான அறை, மரவேலை அறை, கொல்லுப் பட்டறை ஆகியன அமைந்திருந்தன. அரசவைச் சடங்குகளும் வேட்டையும் முடிந்த பின் மன்னர் இங்கு நேரத்தைக் கழித்தார். தாழ்வாரங்களில் எப்போதும் கூட்டம் நிறைந்திருந்த அரண்மனையில், மன்னர் தனித்திருக்கக்கூடிய சில இடங்களுள் இதுவும் ஒன்றாகும்.

சூலாவி என்னும் வரலாற்றெழுத்தாளர் 1801இல் வெளிவந்த தமது நூலில் இவ்வறைகளை வர்ணித்துள்ளார். கொல்லுப் பட்டறையில் இரண்டு பட்டடைகளும் ஏராளமான இரும்புக் கருவிகளும் இருந்தன என்றும், செய்து முடிக்கப்பட்ட சாதாரணப் பூட்டுகள், மறைபூட்டுகள், பொன்முலாம் பூசிய செம்பு வேலைப்பாடுடைய பூட்டுகள் ஆகியவை வைக்கப்பட்டிருந்தன என்றும் அவர் குறிப்பிடுகிறார்.

மன்னருக்கு இத்தொழிலில் துணையாக இருந்தவர் பிரான்சுவா கமேன். 1751இல் பிறந்த இவர் மன்னரைவிட மூன்று வயது மூத்தவர். இவருடைய குடும்பத்தினர் தலைமுறையாக வெர்சாய் அரண்மனையின் பூட்டு வேலைகளைச் செய்து வந்தனர். அரண்மனையின் எண்ணற்ற கதவுகள், பெட்டிகள், அலமாரிகள் ஆகியவற்றின் பூட்டுகளைப் பேணும் பொறுப்பு அவர்களிடம் இருந்தது. சூலாவி பதிவு செய்துள்ள கமேனின் கூற்றுப்படி, மன்னர் பொறுமையும் கூச்சமும் அறியும் ஆர்வமும் மிக்கவர். அரசியும் அரசவையினரும் அறியாத வண்ணம் மறைந்திருந்து அரம் தேய்க்கவும் இரும்பு அடிக்கவும் விரும்பினார். பட்டடையை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு யாரும் அறியாமல் கொண்டுசெல்ல இருவரும் பல தந்திரங்களைக் கையாண்டனர்.

நாட்டின் முழு அதிகாரமும் கொண்ட மன்னர் பட்டறையில் மாணவராகவும், அவருடைய பணியாளர் ஆசானாகவும் இருந்தனர் என்பது இந்த உறவின் சிறப்பம்சமாகும்.

அரசவையின் எதிர்வினை

மன்னரின் பொழுதுபோக்கு அரசவையில் ஏளனத்துக்கு உள்ளானது. அரசியின் பணிப்பெண்ணாக இருந்த காம்பான் அம்மையார் தமது நினைவுக் குறிப்புகளில், மன்னரின் கைகள் கரி படிந்து கறுத்திருந்ததற்காக அரசி அவரைக் கடிந்துகொண்டதை எழுதியுள்ளார். மரீ அன்டோனெட் 1775 ஏப்ரலில் ஆஸ்திரியாவின் ரோசன்பெர்க் கோமகனுக்கு எழுதிய கடிதத்தில், மன்னரின் விருப்பங்கள் வேட்டையும் எந்திர வேலைகளுமே என்றும், உலைக்களத்தின் அருகே தாம் நிற்பது பொருத்தமாக இராது என்றும் கேலியாகக் குறிப்பிட்டார். அக்கடிதத்தில் உரோமர்களின் கொல்லர் தெய்வமான வல்கனையும் அவருடைய மனைவி வீனசையும் சுட்டி எழுதினார்.

புரட்சி நெருங்கிய காலத்தில் இந்த ஏளனம் அரசியல் வடிவம் பெற்றது. நாட்டை ஆளத் தெரியாமல் பூட்டுச் செய்துகொண்டிருப்பவர் என மன்னர் சித்திரிக்கப்பட்டார். ஆனால் இவருடைய ஆர்வம் பூட்டுகளுடன் நிற்கவில்லை. 1785இல் கடலோடி லா பெரூசின் உலகப் பயணத்துக்கான திட்டத்தை வகுப்பதில் நேரடியாகப் பங்கெடுத்தார். 1786 ஜூன் மாதம் செர்பூர் துறைமுகத்துக்குச் சென்று, அங்கு நடைபெற்ற பெரும் கட்டுமானப் பணிகளைப் பார்வையிட்டார்.

ஆட்சிக்காலம்

மன்னரான தொடக்கத்தில் லூயி சீர்திருத்தங்களுக்கு ஆதரவளித்தார். நிதிப் பொறுப்பை ஏற்ற துர்கோ 1776இல் ஆறு ஆணைகளை முன்வைத்தார். விவசாயிகளைக் கூலியின்றிச் சாலைப் பணியில் ஈடுபடுத்தும் முறையை ஒழிப்பதும், கைவினைஞர்களின் தொழிற்குழுக்களைக் கலைப்பதும் அவற்றுள் முக்கியமானவை. யார் வேண்டுமானாலும் எத்தொழிலையும் செய்யலாம் என்பது துர்கோவின் கொள்கை. நீதிமன்றமான பார்லமோன் எதிர்த்தபோதிலும், 1776 மார்ச் 12 அன்று மன்னர் தமது அதிகாரத்தைப் பயன்படுத்தி ஆணைகளைப் பதிவு செய்வித்தார்.

இதன்மூலம், பொழுதுபோக்காகக் கொல்லுத் தொழில் பழகிய மன்னரே அத்தொழிலின் பழைமையான குழுவைக் கலைத்தவருமானார். எனினும் எதிர்ப்பு வலுத்ததால் மே 12 அன்று துர்கோ பதவி நீக்கப்பட்டார். ஆகஸ்ட் மாதத்தில் தொழிற்குழுக்கள் மாற்றங்களுடன் மீண்டும் அனுமதிக்கப்பட்டன. ஒரு முடிவை எடுத்துவிட்டுப் பின்னர் எதிர்ப்புக்குப் பணிந்து பின்வாங்கும் இவ்வழக்கம் லூயியின் ஆட்சி முழுவதும் தொடர்ந்தது. தொழிற்குழுக்கள் இறுதியாக 1791இல் தேசியப் பேரவையால் ஒழிக்கப்பட்டன.

1778இல் பிரான்சு அமெரிக்கக் குடியேற்றங்களுடன் கூட்டணி அமைத்து இங்கிலாந்துக்கு எதிராகப் போரில் இறங்கியது. அதே ஆண்டில் ஆங்கிலேயர் புதுச்சேரியைக் கைப்பற்றினர். 1783இல் வெர்சாயில் கையெழுத்தான உடன்படிக்கையின்படி புதுச்சேரி பிரான்சுக்குத் திரும்பக் கிடைத்தது. மைசூர் மன்னர் திப்பு சுல்தானின் தூதுவர்கள் 1788 ஆகஸ்டில் வெர்சாய் அரண்மனையில் பதினாறாம் லூயியைச் சந்தித்தனர். படைத்துணையுடன் கைவினைஞர்களையும் அனுப்பி உதவுமாறு திப்பு கோரியிருந்தார். படை உதவி கிடைக்கவில்லை. கைவினைஞர்கள் சிலர் மட்டும் தூதுவர்களுடன் சென்றனர்.

1780இல் குற்றம் சாட்டப்பட்டோரிடம் ஒப்புதல் பெறுவதற்கான சித்திரவதையை நிறுத்தியதும், 1787இல் சீர்திருத்தக் கிறித்தவர்களுக்குக் குடியுரிமைகளை அளித்ததும் இவருடைய ஆட்சியின் குறிப்பிடத்தக்க செயல்களாகும். ஆனால் போர்ச் செலவுகள் அரசின் கடனைப் பெருக்கின. உயர்குடியினர் புதிய வரிகளை ஏற்க மறுத்தனர். வேறு வழியின்றி மூன்று வகுப்பாரின் பேரவையான ஸ்டேட்ஸ் ஜெனரலை மன்னர் கூட்டினார். அது 1789 மே 5 அன்று வெர்சாயில் கூடியது.

புரட்சி

1789 ஜூலை 14 அன்று பாரிசு மக்கள் பாஸ்தில் சிறையைக் கைப்பற்றினர். அன்றைய நாட்குறிப்பில் மன்னர் எதுவும் இல்லை என்ற பொருள்படும் ஒற்றைச் சொல்லையே எழுதியிருந்தார். இது அவருடைய அக்கறையின்மைக்குச் சான்றாக அடிக்கடி கூறப்படுகிறது. ஆனால் அந்நாட்குறிப்பு பெரும்பாலும் வேட்டைக் கணக்கை எழுதுவதற்கானது. அன்று வேட்டை நடைபெறவில்லை என்பதே அச்சொல்லின் பொருளாகும். பாஸ்தில் சிறையின் முதன்மைச் சாவியை லபாயெத் 1790இல் அமெரிக்கத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டனுக்கு அன்பளிப்பாக அனுப்பினார்.

1789 அக்டோபர் 5 அன்று பாரிசுப் பெண்கள் உணவு கோரி வெர்சாய்க்கு ஊர்வலமாக வந்தனர். மறுநாள் அரச குடும்பத்தினர் பாரிசிலுள்ள துய்லரி அரண்மனைக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். லூயி மீண்டும் வெர்சாய்க்குத் திரும்பவில்லை. அவருடைய பட்டறையும் கருவிகளும் அங்கேயே தங்கிவிட்டன. வெர்சாயிலேயே வாழ்ந்த கமேன் புரட்சியின் ஆதரவாளராகி, அந்நகராட்சி மன்றத்தில் உறுப்பினருமானார்.

1791 ஜூன் 20 இரவில் மன்னர் குடும்பத்துடன் மாறுவேடத்தில் பாரிசிலிருந்து தப்பிச் சென்றார். மறுநாள் இரவு வரென் என்ற சிற்றூரில் பிடிபட்டு மீண்டும் பாரிசுக்குக் கொண்டுவரப்பட்டார். அவ்வாண்டு செப்டம்பரில் புதிய அரசியலமைப்பை ஏற்று உறுதிமொழி எடுத்தபோதும், மக்கள் அவர்மீது கொண்டிருந்த நம்பிக்கை சிதைந்திருந்தது. 1792 ஏப்ரலில் ஆஸ்திரியாவுடன் போர் தொடங்கியதும், அரச குடும்பம் எதிரிகளுடன் கூடிச் சதி செய்கிறது என்ற ஐயம் வலுத்தது.

இரும்புப் பேழை

இந்நிலையில் தமது இரகசியக் கடிதங்களைப் பாதுகாப்பாக வைக்க மன்னர் கமேனின் உதவியை நாடினார். துய்லரி அரண்மனையில் மன்னரின் அறைக்கும் மகனின் அறைக்கும் இடையே இருந்த வழியில், மரப்பலகையால் மூடப்பட்ட சுவரில் ஒரு குழி அமைக்கப்பட்டது. அதற்கு இரும்புக் கதவும் பூட்டும் பொருத்தப்பட்டன. இவ்வேலை 1792 மே மாதம் நடந்ததாகக் கமேன் பின்னர் தெரிவித்தார். இது இரும்புப் பேழை என்று அழைக்கப்பட்டாலும், உண்மையில் இரும்புக் கதவுடன் கூடிய சுவர்க் குழியே ஆகும்.

பல ஆண்டுகள் தம்முடன் பட்டறையில் வேலை செய்தவர் என்பதால் மன்னர் கமேனை முழுமையாக நம்பினார். அரசிக்கு அந்த நம்பிக்கை இருக்கவில்லை. மறைவிடம் பற்றி வெளியில் பேச்சு எழுந்திருப்பதாகக் கேள்வியுற்ற அவர், முக்கியமான ஆவணங்களை அங்கிருந்து அகற்றும்படி மன்னரை வற்புறுத்தினார் எனக் காம்பான் அம்மையார் எழுதியுள்ளார். சில ஆவணங்கள் அவ்வம்மையாரிடம் ஒப்படைக்கப்பட்டன. மறைவிடத்தில் இனி எதுவும் இல்லை என மன்னர் அரசியிடம் கூறினார். ஆனால் பல கடிதங்கள் அங்கேயே விடப்பட்டிருந்தன.

1792 ஆகஸ்ட் 10 அன்று துய்லரி அரண்மனை தாக்கப்பட்டது. அரச குடும்பத்தினர் தாம்ப்ள் கோட்டைக் கோபுரத்தில் சிறை வைக்கப்பட்டனர். செப்டம்பர் 21 அன்று தேசிய மாமன்றம் அரச பதவியை ஒழித்தது. மன்னரைத் தண்டிக்கப் போதிய சான்றுகள் உள்ளனவா என மாமன்றத்தில் விவாதம் நடந்துவந்த வேளையில், கமேன் உள்துறை அமைச்சர் ரோலானிடம் சென்று மறைவிடத்தைப் பற்றித் தெரிவித்தார். நவம்பர் 20 அன்று ரோலான் அதைத் திறக்கச் செய்து, ஆவணங்களை மாமன்றத்துக்குக் கொண்டுவந்தார். மாமன்ற உறுப்பினர்களைச் சாட்சிகளாக அழைக்காமல் திறந்ததால், சில தாள்களை அவர் அகற்றியிருக்கலாம் என்று எதிரணியினர் குற்றம் சாட்டினர்.

மன்னர் புரட்சியை வெளியில் ஏற்றுக்கொண்டு, மறைவில் அதற்கு எதிராகச் செயல்பட்டதை அக்கடிதங்கள் வெளிப்படுத்தின. புரட்சியின் சிறந்த பேச்சாளராகப் போற்றப்பட்ட மிராபோ மன்னரிடமிருந்து இரகசியமாகப் பணம் பெற்று ஆலோசனை வழங்கியதும் தெரியவந்தது. 1791இல் இறந்த மிராபோவின் உடல் பாந்தியோன் நினைவிடத்தில் வைக்கப்பட்டிருந்தது. இவ்வெளிப்பாட்டின் விளைவாக 1794இல் அது அங்கிருந்து அகற்றப்பட்டது.

பாரிசிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இதே பெயரால் அழைக்கப்படும் மற்றோர் இரும்புப் பேழை உள்ளது. அது தேசியப் பேரவை தன் முக்கிய ஆவணங்களுக்காகச் செய்வித்தது. மன்னரின் நாட்குறிப்பும் இறுதி விருப்ப ஆவணமும் அதைச் சார்ந்த தொகுப்பில் இடம்பெற்றுள்ளன. இரண்டும் வெவ்வேறானவை.

சிறைவாசம்

தாம்ப்ள் சிறையில் லூயி வாசிப்பதிலும் தம் மகனுக்குப் பாடம் கற்பிப்பதிலும் நேரத்தைச் செலவிட்டார். அங்கு அவருக்குப் பணிவிடை செய்த கிளெரி 1798இல் இலண்டனில் வெளியிட்ட குறிப்புகளில் ஒரு நிகழ்ச்சியை விவரித்துள்ளார். சிறைக் கதவுக்குப் பெரிய தாழ்ப்பாள்கள் பொருத்துவதற்காக ஒரு கொத்தனார் சுவரில் துளையிட்டுக் கொண்டிருந்தார். அவர் உணவருந்தச் சென்ற நேரத்தில் ஏழு வயது மகன் அக்கருவிகளை எடுத்து விளையாடினான். லூயி அவன் கையிலிருந்த சுத்தியலையும் உளியையும் வாங்கி, அவற்றைப் பயன்படுத்தும் முறையைக் காட்டிச் சுவரில் வேலை செய்யத் தொடங்கினார். இதைக் கண்டு மனமிளகிய கொத்தனார், விடுதலையாகும்போது தம் சிறையைத் தாமே கட்டியதாக மன்னர் சொல்லிக்கொள்ளலாம் என்றார். எப்போது, எவ்வாறு வெளியேறப் போகிறோம் என்று லூயி கேட்டதும் சிறுவன் அழத் தொடங்கினான். லூயி கருவிகளைக் கீழே போட்டுவிட்டுத் தம் அறைக்குச் சென்று நெடுநேரம் நடந்துகொண்டிருந்தார்.

விசாரணையும் மரணமும்

1792 டிசம்பர் 11 அன்று லூயி தேசிய மாமன்றத்தின் முன் நிறுத்தப்பட்டார். துய்லரியில் இரும்புக் கதவுடைய மறைவிடம் அமைத்தாரா என்று கேட்கப்பட்டபோது, தமக்கு அது பற்றி எதுவும் தெரியாது என்று மறுத்தார். டிசம்பர் 26 அன்று அவருடைய வழக்கறிஞர் தெ செஸ் எதிர்வாதம் செய்தார். மால்செர்ப், துரோன்ஷே ஆகியோரும் அவருக்காக வாதாட முன்வந்தவர்கள். அன்று அவருக்குச் சில சாவிகள் காட்டப்பட்டன. அவற்றுள் ஒன்று மறைவிடத்தைத் திறக்கும் சாவியாகும். அச்சாவிகளைத் தம்மால் அடையாளம் காண இயலவில்லை என்று லூயி கூறினார். சாவிகளையும் பூட்டுகளையும் நன்கறிந்தவர் எனப் பெயர் பெற்ற ஒருவரின் இப்பதிலை மாமன்ற உறுப்பினர்களில் பலர் நம்பவில்லை.

1793 ஜனவரியில் நடந்த வாக்கெடுப்பில் பெரும்பான்மையோர் அவரைக் குற்றவாளி எனத் தீர்மானித்தனர். தண்டனை பற்றிய வாக்கெடுப்பில் 721 உறுப்பினர்களுள் 361 பேர் நிபந்தனையற்ற மரண தண்டனைக்கு வாக்களித்தனர். தண்டனையைத் தள்ளிவைக்கும் தீர்மானமும் தோல்வியுற்றது. ஜனவரி 21 அன்று, இன்று கொன்கோர்து எனப்படும் சதுக்கத்தில் அவர் கில்லட்டினில் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 38. மரீ அன்டோனெட் அதே ஆண்டு அக்டோபர் 16 அன்று கொல்லப்பட்டார். மகன் லூயி சார்ல் 1795 ஜூன் 8 அன்று சிறையிலேயே இறந்தான். மன்னர், அரசி ஆகியோரின் உடல் எச்சங்கள் 1815இல் சேன் தெனி பேராலயத்துக்கு மாற்றப்பட்டன.

கமேனின் பிற்காலம்

1794இல் கமேன் மாமன்றத்துக்கு ஒரு விண்ணப்பம் அளித்தார். 1792 மே 22 அன்று இரும்புப் பேழை வேலை முடிந்ததும் மன்னர் தமக்கு ஒரு குவளை மது கொடுத்ததாகவும், அதில் நஞ்சு கலந்திருந்ததால் தாம் உடல்நலம் இழந்ததாகவும் அதில் குற்றம் சாட்டினார். மாமன்றம் இதை ஏற்று, ஆண்டுக்கு 1,200 லிவர் ஓய்வூதியம் வழங்கியது. மறுஆண்டே அவர் இறந்தார்.

இக்குற்றச்சாட்டை வரலாற்றாளர்கள் பொதுவாக ஏற்பதில்லை. நிகழ்ந்ததாகக் கூறப்பட்ட காலத்துக்குப் பின்னரும் கமேன் நகராட்சி மன்றப் பணிகளில் கலந்துகொண்டிருக்கிறார். மேலும் 1792 நவம்பரில் மறைவிடத்தைக் காட்டியபோது நஞ்சு பற்றி அவர் எதுவும் கூறவில்லை. அவர் ஏன் மன்னரைக் காட்டிக்கொடுத்தார் என்பதற்குப் பல விளக்கங்கள் கூறப்படுகின்றன. புரட்சியில் கொண்ட பற்று, மறைவிடம் வேறு வழியில் தெரியவந்தால் தாமும் தண்டிக்கப்படலாம் என்ற அச்சம் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை.

மரபுக் கதைகள்

மன்னரின் தொழிலறிவு குறித்துப் பல கதைகள் வழங்குகின்றன. கில்லட்டின் வடிவமைக்கப்பட்டபோது அதன் கத்தியைச் சாய்வாக அமைக்கும்படி லூயியே யோசனை கூறினார் என்பது அவற்றுள் பரவலாக அறியப்பட்டதாகும். தண்டனையை நிறைவேற்றிய சான்சோன் குடும்பத்தின் பெயரால் பிற்காலத்தில் வெளிவந்த நினைவுக் குறிப்புகளில் இக்கதை காணப்படுகிறது. இதற்கு நம்பத்தக்க சான்று இல்லை.

மதிப்பீடு

பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட பல நூல்கள் பதினாறாம் லூயியை மந்த அறிவுடையவராகவும், ஆட்சிப் பொறுப்பைத் தவிர்த்துப் பட்டறையில் ஒளிந்துகொண்டவராகவும் சித்திரித்தன. பிற்கால ஆய்வாளர்கள் அவருடைய மொழியறிவு, புவியியல் அறிவு, அறிவியல் ஆர்வம் ஆகியவற்றைச் சுட்டிக்காட்டி இக்கருத்தைத் திருத்தியுள்ளனர். அவருடைய முதன்மையான குறை அறிவின்மையன்று, முடிவெடுப்பதில் இருந்த தயக்கமே என்பது இன்று பலரும் ஏற்கும் கருத்தாகும்.

அவருடைய கைத்தொழில் ஆர்வமும் இவ்வாறே மறுமதிப்பீடு செய்யப்படுகிறது. அறிவொளிக் காலம் உழைப்பையும் கருவிகளையும் மதிக்கக் கற்பித்தது. அக்கருத்தை ஏற்றுச் சம்மட்டி பிடித்த மன்னரை அவருடைய அரசவை ஏளனம் செய்தது. புரட்சியோ அவரைத் தொழிலாளருள் ஒருவராகக் கருதவில்லை. பட்டறையில் அவருக்கும் கமேனுக்கும் இடையே நிலவிய நெருக்கம், மன்னரும் குடிமகனும் எதிரெதிர் அணிகளில் நின்ற காலத்தில் நிலைக்கவில்லை. பூட்டு முன்னால் இல்லாமல் சாவி செய்யக் கூடாது என்ற பழைய கொல்லர் விதி பூட்டின் உரிமையாளரைப் பிறரிடமிருந்து காப்பதற்காக ஏற்பட்டது. பூட்டைச் செய்தவரிடமிருந்து காக்க அத்தொழிலில் விதி ஏதும் இருக்கவில்லை.